டத்தோவின் கார் இருமியது

பிணம் கறுப்பாக இருந்தது.

பளபளப்பான பிணம்! நான்கு சக்கரம். தோல் இருக்கை. முன்கண்ணாடியில் தங்க நிறக் கேடயம்.

இழுவை லோரி அதைக் கிள்ளான் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. கூடவே இறங்கினார் ஒரு வெள்ளைக் கோட்டு. நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு.

மாதவியின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது.

டத்தோ காசிவிஸ்வநாதன்!

அவள் தம்பி லோகனை லோக்காப்பில் தள்ளிய அதே ஆள்!

பிரிக்ஃபீல்ட்ஸில் டத்தோ தலைவராக இருக்கும் சின்ன முருகன் கோயிலில், போன வாரம் ஐம்பொன் உற்சவர் சிலை காணாமல் போனது. டத்தோ நிருபர்களைக் கூப்பிட்டு அழுதார். ஒரு கேமரா ஓடவில்லை என்றதும் இன்னொரு தடவை அழுதார். கண்ணைத் துடைத்த கையோடு, இரவுக் காவலுக்கு இருந்த லோகன் மீது விரலை நீட்டினார்.

நாளை லோகனுக்குக் கோர்ட்.

"இங்க யாரும்மா மெக்கானிக்?"

"நான்தான்."

"நீ... பொம்பளை?"

"காருக்கு அது தெரியாது பாஸ்."

"டத்தோ! சுல்தான் குடுத்த பட்டம்!"

"சரி, டத்தோ பாஸ். வண்டிக்கு என்ன?"

டத்தோவுக்கு அவள் யாரென்று தெரியவில்லை. ஏழைகளின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஹைவேல ஏறினதும் இருமுச்சு. கிள்ளான் வந்ததும் படுத்துடுச்சு. பெட்ரோல் பம்ப்தான்! எனக்கு இதெல்லாம் தெரியும். லண்டன்ல படிச்சவன்."

"எஞ்சினியரிங்கா?"

"ஹோட்டல் மேனேஜ்மென்ட். சீக்கிரம் பாரும்மா! போர்ட் கிள்ளான்ல கப்பல்... அதாவது, ஃப்ரெண்டு ஒருத்தர் வெயிட் பண்றாரு."

"டிரைவர் வரலையா?"

"லீவு!"

கார்க் கதவைக்கூட அடுத்தவர் திறந்தால்தான் இறங்குகிறவர்... தானே ஓட்டி வந்திருக்கிறார்!

மாதவி சாவியைத் திருப்பினாள். பின்னாலிருந்து 'உய்ய்ங்' என்று ஒரு முனகல். பம்ப்புக்கு உயிர் இருக்கிறது.

எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில் பிரஷர் மீட்டரை மாட்டினாள். முள் எழுந்தது. நின்றது. அசையவில்லை. பிளக்கில் தீப்பொறியும் படபடவென்று அடித்தது.

பெட்ரோல் வருகிறது. ஆனால்...

வருவது பெட்ரோல்தானா?

குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

மேலே மஞ்சள். கீழே கலங்கிய தண்ணீர்! அதற்கும் அடியில் சாம்பல் மாதிரி ஒரு வண்டல்.

தண்ணீரைக் குடித்த எஞ்சின் இருமாமல் பாட்டா பாடும்? டாங்கை வடித்துக் கழுவி, புது பெட்ரோல் ஊற்றினால் சாயங்காலமே ஓடும்.

ஆனால் மாதவி யோக்கியமான மெக்கானிக் என்று கிள்ளானில் யாரும் சத்தியம் செய்ததில்லை. இன்றைக்கு ஆரம்பிக்க அவளுக்கு எந்த அவசியமும் இல்லை.

பாட்டிலை மறைத்தாள். முகத்தைத் தொங்கவிட்டாள்.

"டத்தோ சொன்னதுதான் கரெக்ட். பம்ப் அவுட்!"

"நான்தான் சொன்னேனே!" டத்தோவின் நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்தது.

"சாமான் வர நாலு நாள் ஆகும்."

நெஞ்சு இறங்கியது. "நாலு நாளா?!"

"ஸ்டோர்ல ஒண்ணு வெச்சிருக்கேன். ஆனா மனசு வரல டத்தோ. உங்க கோயில் லோகன் என் தம்பி. உள்ள கிடக்கிறான். கை நடுங்குது... ஸ்பேனர் பிடிக்க முடியல லா."

டத்தோ விழித்தார். புரிந்தது. சிவந்தார்.

"பிளாக்மெயிலா? அந்தத் திருட்டுப் பயலை விட மாட்டேன்! சாமி விஷயம்!"

"அப்ப சரி. பம்ப்பை மட்டுமாவது கழட்டி வெக்கிறேன். உங்க மாடல்ல அது பின் பொனெட்ல, சாமான் வைக்கிற இடத்துல, கம்பளத்துக்கு அடியில இருக்கு. சாமானையெல்லாம் எடுத்து வெளிய வெச்சுடுவோமா?"

டத்தோ பாய்ந்தார். காரின் பின்பக்கத்தில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"தொடாதே!!"

நெற்றித் திருநீறு வேர்வையில் வழிந்து கோட்டில் சொட்டியது.

"இரு... இரும்மா. உன் தம்பி பாவம். சின்னப் பையன். இப்பவே போலீஸ்ல பேசறேன். பொனெட்டைத் திறக்காம வண்டியை ஓட வெச்சுடு. ஓகேவா?"

டத்தோ போனை எடுத்தார். பெரிய மனிதர் அல்லவா, மன்னிப்பதை யாராவது பார்க்க வேண்டாமா? வீடியோ காலில் போட்டார்!

"இன்ஸ்பெக்டர் சரவணன்! லோகனை நான் மன்னிச்சுட்டேன். புகாரை வாபஸ் வாங்கறேன். முருகனே கனவுல வந்து சொல்லிட்டான்."

"எப்ப டத்தோ? காலைலகூட அவனைத் தூக்குல போடச் சொன்னீங்களே?"

"மத்தியானம்... ஒரு குட்டித் தூக்கம்..."

மாதவி ஜெயித்துவிட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி மண்டைக்குள் குடைந்தது. அக்காளின் கண்ணீருக்கு இளகாத ஆள், காரின் பின் பொனெட்டுக்கு ஏன் இளகுகிறான்?

டிரைவர் இருக்கைக்குக் கீழே கையை விட்டாள். நெம்புகோலை இழுத்தாள்.

டக்!

டத்தோவின் முதுகைத் தள்ளிக்கொண்டு பொனெட் எழுந்தது. டத்தோ முன்னால் சரிந்தார். போன் மட்டும் கையில் உயர்ந்து நின்றது.

உள்ளே... பச்சைப் பட்டுக்குள் சுருட்டிய ஓர் உடல்!

ஒரு சின்னக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது!

"ஐயோ... குழந்தை!" மாதவி அலறினாள்.

பட்டு விலகியது. பொன்னிறக் கால். பொன்னிற முகம். மயில் மேல் சாய்ந்தபடி, யாரையும் கோபிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார் உற்சவர் முருகன்.

"டத்தோ," போனிலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் மெதுவாக வந்தது. "கேமராவை அப்படியே பிடிங்க. சாமியும் நல்லாத் தெரியுது, பட்டறை போர்டும் நல்லாத் தெரியுது. பக்கத்து ஸ்டேஷன் ஆளுங்களை இப்பவே அனுப்பறேன்."

வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பட்டுச்சேலை சரசரக்க ஓர் அம்மாள் இறங்கினார். கையில் காலி வெள்ளிச் செம்பு.

"விசாலம்! நீ எங்க இங்க?" மனைவியைப் பார்த்து டத்தோ கதறினார்.

"லோரிக்காரன் வீட்டுக்குப் போன் பண்ணினான். எப்படியும் கப்பலுக்குப் போய்ச் சேர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

மாதவி பாட்டிலை எடுத்து நீட்டினாள். "ஆன்டி, இது...?"

"அபிஷேகத் தண்ணி. திருநீறு கரைச்சது. புதுக் காருக்குப் பூஜை போட்டா சக்கரத்துல தெளிப்போம்ல? நான் டாங்கிலயே ஊத்திட்டேன். ராத்திரி இவர் கார்ல சாமியைப் போர்த்திப் படுக்க வெச்சதை ஜன்னல்ல பார்த்தேன்."

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே ஆன்டி? என் தம்பி உள்ள கிடக்கிறானே!"

விசாலம் தலைகுனிந்தார். "சொன்னா இவரோட டத்தோ பட்டம் போயிடும். அப்புறம் யாரு என்னை டத்தோ சம்சாரம், டத்தின் அம்மான்னு கூப்பிடுவா? கார் நின்னதும் சத்தமில்லாம சாமியைக் கொண்டுபோய் வெச்சிடலாம்னு நெனச்சேன். இங்க வந்தா, இந்த மனுஷன் கையில வீடியோ கால், அதுல இன்ஸ்பெக்டர் முகம்!"

சைரன் நெருங்கியது. மாதவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்று இரவு லோகன் வீட்டில் சாப்பிடுவான்.

விலங்கு மாட்டிய கைகளோடு ஜீப்பில் ஏறும்போதும் டத்தோ திரும்பிக் கத்தினார்.

"என் கார்! என் காரை ஒழுங்காப் பார்த்துக்கோ!"

"கவலையே படாதீங்க டத்தோ. டாங்கைக் கழுவி, நல்ல பெட்ரோலா ஊத்தி வெக்கிறேன். ஆனா ஒண்ணு... நீங்க வெளிய வர்றதுக்குள்ள அந்தப் பெட்ரோலும் கெட்டுப்போயிடும் லா!"