காரணம் கட்டாயம்

காலை பத்து மணிக்குத் தங்கை கொதிகலன் அறைக்குள் நுழைந்தபோது, கணினிக்குச் சட்டை மாட்டிவிடாத குறைதான். மேலாளர் அதற்குப் பட்டு ரிப்பன் சுற்றி, 'அழியா நிபுணர்' என்று பலகையும் வைத்திருந்தார்.

"ஆள் போனா என்னம்மா, உங்கண்ணன் அறிவு மொத்தமும் இதுக்குள்ளதான இருக்கு. விருந்தாளிங்க வந்ததும் சரிபண்ணின கொதிகலனைப் பத்த வெச்சிடலாம்" என்றுவிட்டு அவர்களை வரவேற்கப் போனார்.

மொத்தமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அண்ணன் இருபது வருடம் இந்தக் கொதிகலனை ஓட்டியவன். அவன் பக்கத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து, இப்படி இருந்தால் இப்படிச் செய் என்று அறுநூற்றுப் பன்னிரண்டு விதிகளைக் கணினியில் ஏற்றியவள் அவள்தான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

"சரியில்லன்னு தோணுச்சுன்னா எல்லாரையும் வெளிய அனுப்பிடணும். எழுதிக்க."

"எதை வெச்சுத் தோணும்? காரணம் சொல்லுண்ணா. காரணக் கட்டம் காலியா இருந்தா இது வாங்கிக்காது."

"உன் மாமியாரவிட மோசமா இருக்கேடி இது" என்று சிரித்தான். "தோணும். அவ்வளவுதான்."

போன மாதம் அவனுக்குத் தோன்றியது.

"திரை பச்சையாத்தானே காட்டுது, உக்காருங்க" என்றார் மேலாளர், தம் குளிர்சாதன அறையிலிருந்து தொலைபேசியில். கூட இருந்த இரண்டு பேரையும் வெளியே விரட்டிவிட்டு, அவன் மட்டும் உட்கார்ந்தான். கொதிகலன் வெடித்தபின் வீட்டுக்கு வந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள்.

விட்டுப்போன விதியை இன்று அவள் ஏற்றினாள். காரணக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

கொதிகலன் முனகியது.

அதை இன்னும் யாரும் பற்றவைக்கவில்லை.

அறையில் சூடேறிய இரும்பின் வாடை பரவியது. அவள் கை விசைப்பலகையிலேயே இல்லை. கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

*தங்கச்சி உள்ள இருக்கா.*

மேலாளர் வந்து எட்டிப்பார்த்தார். "என்னம்மா விளையாட்டு இது? படியேறிட்டாங்க." தாமே அழித்தார்.

*தங்கச்சி இன்னும் உள்ளதான் இருக்கா.*

அடுத்து, விருந்தாளிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் படியிறங்கிய சத்தம் மட்டும் கேட்டது. இரும்புக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

"போறேண்ணா" என்று கிசுகிசுத்தாள்.

போகவில்லை. வெளியே போய்விட்டால் அவனுக்கு எழுதக் காரணம் இருக்காது. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லத் திறந்தது.

யாரோ பிடித்துக்கொண்டு காத்திருப்பதைப்போல, மூடாமல் அப்படியே நின்றது.