மூன்றாம் தட்டில் இருந்தவள்

காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். பேய்க்குப் பயப்படுகிற நேரம் இல்லை அது. ஏழு பழைய இசைத்தட்டுகளைப் பதிவு செய்து வருவதுதான் வேலை. பெரிய இசைமேதை ஒருவர், தாம் எழுதிய இசையைத் தாமே பியானோவில் வாசித்த தட்டுகள். அவர் இறந்து அறுபது ஆண்டுகள் ஆகியும் உலகம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. தட்டுகள் வாசலைத் தாண்டக் கூடாது என்று அவருடைய பேரன் கறாராகச் சொல்லிவிட்டதால், அவற்றைச் சுழற்றும் கருவியை நான்தான் மூச்சு வாங்கச் சுமந்து போனேன்.

ஒலிப்பதிவுக்கூடம் அண்ணனுடையது. பழைய பதிவுகளில் இருக்கும் கரகரப்பை நீக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். காது என்னுடையது, பெயர் அவனுடையது. அப்பா அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவன் அவன் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பேரன் என்னை மாடி அறைக்குக் கூட்டிப் போனார். அந்தத் தட்டுகள் பதிவானதே அந்த அறையில்தானாம். ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ஈரக் காகிதமும் பழைய மெழுகும் கலந்த ஒரு வாடை. மூலையில் வெள்ளைத் துணி போர்த்திய பியானோ.

"ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க, கீழதான் இருக்கேன்," என்று சொன்னவர், அறைக்குள் காலே வைக்காமல் இறங்கிப் போனார்.

முதல் இரண்டு தட்டுகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில், வேகமான ஒரு பகுதிக்குச் சற்று முன்னால், கரகரப்புக்கு அடியில் ஒரு பெண் குரல் கேட்டது.

"இப்ப தப்பு பண்ணப் போறே."

அடுத்த நொடி மேதையின் விரல் தடுமாறியது.

தட்டின்மேல் ஓடிய முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தேன். அதே குரல். இம்முறை அது மேலும் பேசியது.

"அந்த இடத்துல நான் அப்படி எழுதல."

அவர் எழுதிய இசையில் அவரையே திருத்த இன்னொருத்திக்கு என்ன உரிமை? படியிறங்கிப் பேரனிடம் போனேன்.

"சார், தாத்தா வாசிக்கும்போது கூட யாராவது இருந்தாங்களா? ஒரு பொம்பளைக் குரல் கேக்குது."

அவர் முகம் பேயறைந்தது போல் ஆனது. "தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி. புத்தி சரியில்லன்னு அந்த ரூம்லயே பூட்டி வச்சிருந்தாங்க."

"அவங்க குரல்தானா?"

"எப்படிங்க? இந்த ரெக்கார்டெல்லாம் எடுக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அவங்க செத்துட்டாங்க."

திரும்பி அறைக்குள் வந்தேன். தட்டு சுழலவில்லை. முள்ளும் அதன்மேல் இல்லை.

"எழுதினதையெல்லாம் அண்ணனை நம்பித்தான் குடுத்தேன்."

குரல் என் காதோரம் கேட்டது.

கழுத்தில் மூச்சுக்காற்று பட்டது.

"நீயும் என்னை அழிச்சிடுவியா?"

"மாட்டேன்," என்றேன். பயத்தில் சொன்னதல்ல. அவளை நினைத்து எனக்கு மனசு ஆறவில்லை.

ஏழு தட்டுகளையும் பதிவு செய்து முடித்து, வெளியே வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணா, இந்த இசை அவரோடதே இல்ல. அவர் தங்கச்சி எழுதினது. அந்தக் குரலை மட்டும் யாரும் தொடக் கூடாது."

"சரிம்மா பாப்பா. உன் காதுக்குக் கேட்டா சரியாத்தான் இருக்கும். அனுப்பு, நான் பார்த்துக்கறேன்."

அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பதிவுகளின் வெளியீட்டு விழாவில் பேரனும் அண்ணனும் மேடையில் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்றார்கள். மூன்றாம் தட்டு ஒலித்தது. அந்த இடம் வந்தது. குரல் இல்லை. விரல் தடுமாறியதைக்கூட ஒட்டுப்போட்டுச் சரிசெய்திருந்தான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நான் கை தட்டவில்லை.

மறுநாள் காலை கூடத்துக்குப் போய் வேலைத்தாளை எடுத்துப் பார்த்தேன். எதையெல்லாம் நீக்கினோம் என்று எழுதிவைப்பது எங்கள் வழக்கம். மூன்றாம் தட்டுக்கு நேரே அண்ணன் கையெழுத்து: "கீறல், ஒன்பது. நீக்கப்பட்டது."

அந்த ஒன்பதையும் நான் கேட்டிருக்கிறேன். அதில் ஒன்றுகூடக் கீறல் இல்லை. எல்லாமே அவள் பேசிய வார்த்தைகள்.

நான் அனுப்பிய மூலப்பதிவும் கணினியில் இல்லை. மூன்றாம் தட்டு கைதவறி உடைந்துவிட்டதாகப் பேரன் எழுதிய கடிதம் தாளோடு செருகியிருந்தது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். என்னை வளர்த்தவன், நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். அவளுக்கு நான் கொடுத்த வாக்கையும் பொய்யாக்கிவிட்டான். அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்து அவனுக்குப் போன் செய்தேன்.

"ஏன் இப்படிப் பண்ணே?"

"யாரு பேசறது?" என்றான்.

"அண்ணா, உன்னைத்தான் கேக்கறேன்."

அவனுக்கு மூச்சு இரைப்பது கேட்டது. பிறகு, சின்ன வயதிலிருந்து நான் ஒருநாளும் கேட்டறியாத ஒரு நடுக்கத்தோடு பேசினான்.

"உன்னைத்தான் அழிச்சுட்டேனே... என் தங்கச்சி போன்ல நீ எப்படி வந்தே?"