பிளாஸ்டருக்கு அடியில்

கம்ப்யூட்டரின் நெற்றியில் எறும்புத் தலையளவுக்கு இருந்த அந்தப் பச்சை விளக்கு, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டரையும் மீறி மங்கலாகக் கசிந்துகொண்டிருந்தது. கேமரா வேலை செய்யும்போது மட்டும் எரிய வேண்டிய விளக்கு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் யாரையும் கூப்பிடவில்லை.

அவள் டைப்பிஸ்ட். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு, வீட்டிலிருந்தே அடித்துக் கொடுப்பவள். இருபத்தாறு வருடமாகக் கேட்டுக் கேட்டு, மூச்சு விடுவதை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள். பேச்சு நின்றால் அடைப்புக்குறிக்குள் ‘மௌனம்’ என்று அடிக்க வேண்டும். அடித்ததை வாய்விட்டு ஒருமுறை படித்துச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் மளிகைச் சீட்டு வரைக்கும் தொற்றிக்கொண்டது. எழுத்து என்று எது கையில் வந்தாலும் உதடு தானாக அசையும். பாவம், அது அவள் குற்றமா, சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் மாப்பிள்ளை வாங்கித் தந்தது. விரல்களுக்கு ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுத்தபடி எல்லாவற்றையும் அவரே பொருத்தினார். தங்கமான பிள்ளை என்று தெருவெல்லாம் சொன்னவள் அவள்தான். மகளின் கழுத்தில் விரல் தடங்களைப் பார்த்த பிறகும், “கொஞ்சம் பொறுத்துப் போ” என்று இரண்டு வருடம் சொன்னவளும் அவள்தான்.

நான்கு மாதம் முன்பு மகள் போனைக்கூட விட்டுவிட்டு ஓடிப்போனாள். எங்கோ ஒரு தையல் கடையில் வேலை, அங்கேயே தங்கல். ஞாயிறு ஐந்து மணிக்கு, கடை பூட்டிய பிறகு, அங்குள்ள கம்ப்யூட்டரிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவாள். விலாசத்தைக்கூட எதிலும் அடித்து அனுப்பவில்லை. தெரிந்தவள் ஒருத்தியிடம் துண்டுச் சீட்டாகக் கொடுத்தனுப்பினாள். அது வந்து சேர்ந்தது வியாழக்கிழமை.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் நாலரைக்கு வந்தார். நரைத்த தாடி, சட்டைப் பையில் நாலு ஸ்க்ரூடிரைவர்.

“பிளாஸ்டரா? காயம் பெருசோ?” என்று சிரித்தபடி அதை உரித்தெடுத்தார். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“இதை யாரும்மா உள்ள வச்சது?”

“எதை?”

“உளவு பாக்கற புரோகிராம். அஞ்சு வருஷமா உக்காந்திருக்கு. நீங்க அடிக்கற எழுத்து, மெயில், பாஸ்வேர்டு, எல்லாம் எங்கேயோ போயிட்டிருக்கு.”

“அதுக்குத்தானே தம்பி கண்ணை மூடிவச்சேன்.”

“கண்ணை மூடினீங்க. காதை? மைக் நாள் பூரா திறந்தே இருக்கே.”

மின்விசிறி சுற்றும் ஓசை திடீரென்று பெரிதாகக் கேட்டது. வியாழக்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்தச் சீட்டைப் பிரித்தாள். கதவு எண், தெரு, ஊர், பின்பக்கப் படி. உதடு அசைந்தது. சரிபார்க்க இன்னொரு முறையும் படித்தாள். அப்புறம் சீட்டை அடுப்பில் பற்றவைத்து, சாம்பலையும் தண்ணீர் ஊற்றிக் கரைத்தாள். அத்தனை பத்திரம்.

அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கிளம்பினார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம். மகளின் கடைக்கு நம்பர் கிடையாது. மெயில் போட்டாலும் ஐந்துக்குத்தான் பார்ப்பாள். அவளே கூப்பிட்டால்தான் உண்டு. அந்தப் பத்து நிமிடமும் வெயில் சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பச்சை விளக்கு இல்லை. இப்போது இல்லாததுதான் பயமாக இருந்தது.

ஐந்து. கம்ப்யூட்டரில் மணி ஒலித்தது. விளக்கு எரிந்தது.

மகள். கழுத்தில் அளவு டேப், தலையில் ஹெட்போன்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?”

“கண்ணு, கேள்வி கேக்காதே. இப்பவே அங்கிருந்து கிளம்பு.”

“இரு, கதவு தட்டறாங்க. நீ அனுப்பின ஆளாத்தான் இருக்கும்.”

“நான் யாரையும் அனுப்பலைடி.”

மகள் அதற்குள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தாள்.

“நேத்து மெயில் போட்டியேம்மா, கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ண ஒருத்தர் வருவார், கதவைத் திறந்து விடுன்னு.”

அவள் கத்தினாள். கத்தியது அத்தனையும் அங்கே மேஜைமேல் கிடந்த ஹெட்போனுக்குள் விழுந்தது.

காலியான நாற்காலி. அதன் முதுகில் விழுந்து ஆடும் அளவு டேப்.

தாழ்ப்பாள் சத்தம்.

ஏதோ சாய்ந்தது. துணிபோல, மெதுவாக.

காலடி. ஒரு ஜோடி மட்டும்.

திரையின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் வந்தது. அதன் நுனியில் பழுப்பு நிறப் பிளாஸ்டர். அவள் ஒட்டிய அதே வகை. நெருங்கியது. அழுத்தியது.

இருட்டு.

அந்தப் பக்கத்து மைக் திறந்தே இருந்தது. மூச்சு கேட்டது. இன்னார் என்று தெரிந்தது. மகளுடையது அல்ல.

சொடக்கு. ஒன்று. இரண்டு. மூன்று. அவசரமே இல்லாமல், பத்து வரைக்கும்.

பிறகு அதுவும் இல்லை.

அவளுடைய விரல்கள் தாமாகக் கீபோர்டில் இறங்கின. (மௌனம்) என்று அடித்தன.

உதடு அசைந்தது. அடித்ததை வாய்விட்டுப் படித்தாள். சரிபார்க்க இன்னொரு முறையும்.