மூன்று கேன் குறைவு

அந்த நாளைப் பற்றிக் கேட்டால் அவர் தடுமாறுவார். வெயில் காலம், அதுவரை நிச்சயம். மனைவி அக்கா வீட்டுக்குப் போய் அப்போது மூன்று வாரமா நான்கா, மச்சான் காலையிலேயே வந்துவிட்டானா பத்து மணிக்கு மேல் வந்தானா, முதலில் குரல் உயர்த்தியது அவரா அவனா, எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி சொல்வார். சொல்லிவிட்டு, "நான் சரியாத்தான் ஞாபகம் வெச்சிருக்கேனான்னு எனக்கே தெரியல" என்று முடிப்பார். எண்களில் மட்டும் அவருக்குத் தடுமாற்றம் கிடையாது. தொட்டி கொள்ள வேண்டியது நாற்பத்தைந்து கேன். வெளியே வந்தது நாற்பத்திரண்டு.

அவர் எடை அளவு ஆய்வாளர். பெட்ரோல் நிலையங்களுக்குப் போய், முத்திரை குத்திய இருபது லிட்டர் கேனை வைத்து, பம்ப் காட்டுகிற அளவும் கேனுக்குள் விழுகிற அளவும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவருடைய இருபத்தாறு வருட வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. பாலை அளப்பார், எண்ணெயை அளப்பார். "என்னையும் ஒரு நாள் அளந்து முத்திரை குத்திடுங்க" என்பாள் மனைவி.

அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வருடம் அது. அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, தினமும் அரை மணி நேரம் வெந்நீரில் உட்கார்ந்தால்தான் கால் நேராகும் என்றார் டாக்டர். வீடு மாறிப் போகிற யாரோ ஒருவர் விற்ற வெந்நீர்த் தொட்டியைத் தேடிப் பிடித்து, பின்பக்கம் தகரக் கூரை போட்ட அறையில் கொண்டுவந்து இறக்கினார். உடம்பின் வளைவுக்கு ஏற்றபடி குழித்த மூன்று இருக்கைகள், சுற்றிலும் தண்ணீரைப் பீய்ச்சும் துளைகள், ஏறி இறங்க ஒரு மரப்படி. உள்சுவரில் ஒரு கோடு. அந்தக் கோடு வரை தொள்ளாயிரம் லிட்டர் என்று பக்கத்தில் ஒட்டிய தகடு சொன்னது.

முதல் வாரம் அவள் மூலை இருக்கையில் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் நடு இருக்கைக்கு நகர்ந்தாள். அதற்கடுத்த வாரம் கடைசி இருக்கையின் விளிம்பில், கூட்டமான பேருந்தில் இடம் கிடைத்தவள்போல, பாதி உடம்பு ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள நெருக்கமா இருக்குங்க."

"மூணு பேர் உக்கார்ற தொட்டி. நீ ஒரு ஆளு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள். "அந்தத் தொட்டியக் காலி பண்ணுங்க. ஒரு சொட்டு இல்லாம. அடி காஞ்சு கெடக்கறத என் கையால தொட்டுப் பாத்தாத்தான் நான் இந்த வீட்டுல இருப்பேன்." அவருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கி வைத்ததற்கு இதுதான் மரியாதையா என்று வீம்பாக இருந்துவிட்டார். ஒரு நாள் போனில், "அக்கா எனக்குன்னு பீரோவுல எடம் ஒதுக்கிக் குடுத்துட்டா" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் அவர் வீம்பை உடைத்தது. சனிக்கிழமைக்குள் காலி செய்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். "ஆறு மணிக்கு வந்து பாக்கறேன். இல்லன்னா நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள்.

உதவிக்கு வந்தவன் அவளுடைய தம்பி. கார் கழுவும் கடை வைத்திருந்தான். ஒரு இடத்தில் நிற்க மாட்டான் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் பம்பரம். தண்ணீர் உறிஞ்சும் மெஷினும், காற்றடிக்கும் ப்ளோயரும் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தான்.

கோடு வரை தண்ணீர் நின்ற தொட்டியின் அடியிலிருந்த வடிகுழாயின் மரை துருவேறி அசைய மறுத்தது. அசைந்ததும் ஹோஸ் பொருந்தவில்லை. துணி சுற்றிக் கட்டினால் நழுவியது. மூன்று முறை நழுவி மூன்று முறையும் அவர் மார்பிலேயே பீய்ச்சியது. ஒரு வழியாகத் தண்ணீர் ஒழுங்காக விழத் தொடங்கியபோது அவர் போய்த் தன் கேனை எடுத்து வந்தார்.

"மாமா, தெறந்து விட்டா அது பாட்டுக்கு ஓடிடும். இதப் போயி எண்ணணுமா?"

"எண்ணினா உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணிக்குத்தான் கூச்சமா இருக்கும்."

நிரம்பிய கேனைச் சாக்கடையில் கவிழ்ப்பது, சுவரில் கரிக்கோடு போடுவது, திரும்ப வைப்பது. தகரக் கூரை சூடேறி டக் டக்கென்று விரிந்தது. தொட்டிக்குள் மருந்து வாடையோடு வேறொரு வாடையும் இருந்தது. நெடுநேரம் மூடிக் கிடந்த போர்வையைப் பிரித்தால் வருமே, தூங்கி எழுந்த உடம்பின் வாடை, அது. நாற்பத்தோரு கேனில் குழாய் நின்றது. குழிகளில் தேங்கியதை மெஷினால் உறிஞ்சி, துளைகளுக்குள் ப்ளோயரை வைத்து அடித்து, வந்ததையெல்லாம் சேர்த்தால் இன்னும் ஒரு கேன். நாற்பத்திரண்டு.

மூன்று கேன் குறைந்தது. அறுபது லிட்டர்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் தவழ்ந்தார். காய்ந்த தூசி. ஒவ்வொரு துளையிலும் மறுபடி காற்றடிக்கச் சொன்னார். எதிர்ப்பக்கத் துளைகளிலிருந்து வெறும் காற்று, மெல்லப் பெருமூச்சு விடுவதுபோல் வந்தது.

"கம்பெனிக்காரன் பொய்யி எழுதிட்டான். விடுங்க மாமா, பசிக்குது."

பொய்தான். அவர் பார்க்காத பொய்யா? ஆனால் பொய்யை நிரூபித்தாக வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அந்தக் காய்ந்த தொட்டியைப் பார்த்துக் கையைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். அவர் கேனைக் குழாயடியில் வைத்து நிரப்பி, தொட்டிக்குள் ஊற்றி, மறுபடி நிரப்பி, ஊற்றினார். பம்பரம் தலையில் அடித்துக்கொண்டான். நாற்பத்திரண்டாவது கேனின் கடைசிச் சொட்டு விழுந்தபோது தண்ணீர் மிகச் சரியாகக் கோட்டைத் தொட்டு நின்றது.

"பாத்தியா! எண்ணூத்தி நாப்பதுதான். எழுதி அனுப்பறேன் பாரு அவனுக்கு."

அப்போது போன் அடித்தது. மனைவி.

"காலி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. ஆயி..."

"ஆயி?"

"திரும்ப ரொப்பிட்டேன். அளவு பாக்கறதுக்கு."

மறுமுனையில் அக்கா வீட்டில் யாரோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் உங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு விஷயம்" என்றாள். வைத்துவிட்டாள்.

இரண்டாம் முறை அவர் எண்ணவில்லை. ஹோஸை நேராகச் சாக்கடைக்குள் விட்டார். சாக்கடை அத்தனை வேகத்தைத் தாங்காமல் எதிர்த்து வந்து, முற்றமெல்லாம் சேறானது. குச்சி வைத்துக் குத்தினார். குச்சி உடைந்தது. உடைந்த குச்சியைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார். மணி நாலரை. குழாய் நின்றதும் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சுடன் தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

உள்ளே இறங்கியதும் வெளிச் சத்தம் குறைந்துவிட்டது. சுவர்கள் தோளுயரத்துக்கு இருந்தன. அடியைத் துடைத்தார். கடைசி இருக்கையைத் துடைத்தார். நடு இருக்கையைத் துடைத்தார். மூலை இருக்கையைத் துடைத்துப் பிழிந்து, துடைத்துப் பிழிந்து, மறுபடியும் துடைத்தார்.

மேலே நின்றிருந்த பம்பரம் கேட்டான். "ஏன் மாமா, நடுவுல தொடைக்க மாட்டீங்களா?"

"தொடைச்சிக்கிட்டுதானே இருக்கேன்."

"சுத்திச் சுத்திப் போறீங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். ஸ்பாஞ்ச் குழியின் விளிம்போடு வளைந்து போயிருந்தது. ஈரம் காய்ந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. இருக்கையின் நடுவை, சாய்மானத்தின் நடுவை, தோள் அகலத்துக்கு அது விலகியே போயிருந்தது. தூங்குகிற ஒருவர் பக்கத்தில் தரையைத் துடைப்பவர் அவரை எழுப்பாமல் துடைப்பதைப்போல. எத்தனை முறை அப்படித் துடைத்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஹோஸைச் சுருட்டு போ" என்றார். பம்பரம் வாசல் பக்கம் போனான்.

கையை நடுவில் வைத்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது. வாரக்கணக்கில் கரண்ட் கொடுக்காத தொட்டி. ஊற்றியது முற்றத்துக் குழாயின் பச்சைத் தண்ணீர். சுற்றிலும் பிளாஸ்டிக் சில்லென்று இருந்தது. அங்கே மட்டும், யாரோ அப்போதுதான் எழுந்த நாற்காலியைப் போல, இல்லை, இன்னும் எழாத நாற்காலியைப் போல.

கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

பிறகு அந்தச் சூடு குறைந்தது. உள்ளங்கைக்குக் கீழே, கொஞ்சம் கொஞ்சமாக. முதுகுக்குப் பின்னால் மரப்படி கிறீச்சென்றது. ஒரு முறை. கனமாக ஒருவர் ஏறி, இறங்கினால் வரும் ஓசை.

திரும்பினார். யாரும் இல்லை.

குழி சில்லென்று ஆகிவிட்டிருந்தது. வேகவேகமாகத் துடைத்தார். இப்போது ஸ்பாஞ்ச் நேராக நடுவிலேயே போனது.

வெளியே வந்தபோது, மனைவிக்காகக் கூடத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்த துண்டு பிழியும்படி நனைந்திருந்தது. நாற்காலிக்குக் கீழே ஒரு குட்டை.

"அறிவிருக்கா உனக்கு? அவளுக்கு வெச்ச துண்டு!"

"நான் உள்ளயே வரல மாமா. இப்பதான் வாசல்லேர்ந்து வர்றேன்."

"அப்ப நானா ஒக்காந்தேன்?"

"என்னைக் கேட்டா? காலைலேர்ந்து ஒங்க தொட்டியோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், டீ கூடக் குடிக்கல, இப்ப துண்டு வேறயா?"

இருவரும் கத்தினார்கள். கத்துவது அவருக்கு ஆறுதலாக இருந்தது. மச்சான்மேல் கோபமாக இருக்கிறவரை வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை. ஒரு புதுத் துண்டை எடுத்து மடித்து வைத்தார். நாற்காலியை வெயிலில் போட்டார்.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். கைத்தடியை ஊன்றி நேராகப் பின்பக்கம் போனாள். குனிய முடியாமல் குனிந்து, தொட்டியின் அடியில் கை வைத்தாள். நடு இருக்கையில் வைத்தாள். மூலை இருக்கையில் நெடுநேரம் வைத்திருந்தாள்.

"சரி" என்றாள். முகம் தெளிந்தது. "இப்ப சரியா இருக்கு. ரொப்புங்க. இடுப்பு உசுரு போகுது."

மாடித் தொட்டித் தண்ணீர் பகல் வெயிலில் நன்றாகச் சூடேறியிருந்தது. அவர் கேனை எடுத்தார். "ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் அவள், பழைய குரலில். அந்தக் குரலுக்காகவே இன்னும் நூறு கேன் ஊற்றலாம்போல் இருந்தது. நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

கோட்டைத் தொடவில்லை.

நாற்பத்து மூன்றை ஊற்றினார். நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்தாவது கேனின் கடைசிச் சொட்டில் தண்ணீர் கோட்டை எட்டியது. தொள்ளாயிரம். தகடு பொய் சொல்லவில்லை.

பம்பரம் அவரைப் பார்த்தான். தன் மெஷின்களை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவள் இறங்கினாள். மூலை இருக்கையில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் கோட்டுக்கு மேல் இரண்டு விரல் ஏறி நின்றது. அவள் அளவு அது. சரிதான்.

"அப்பாடா" என்றாள் அவள். "எவ்வளவு நாளாச்சு இப்படி ஒக்காந்து."

அவர் படியோரம் நின்றிருந்தார்.

படி கிறீச்சென்றது.

அவர் கால் தரையில் இருந்தது.

தண்ணீர் ஏறியது. அலை இல்லை. சத்தம் இல்லை. மெதுவாக, மரியாதையாக, மேலும் இரண்டு விரல். அங்கே நின்றது.

கண்ணைத் திறக்காமலே அவள் முழங்காலை மடக்கிக்கொண்டாள். வழி விடுகிறவள்போல. முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது.

பம்பரம் இப்போது இரண்டாவது கடையும் திறந்துவிட்டான். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் துண்டை நனைத்தது தான்தான் என்று ஒப்புக்கொள்கிறான். அக்கா வீட்டு பீரோவில் ஒதுக்கிய இடத்தில் வேறு துணிகள் வந்துவிட்டன. மனைவி கைத்தடி இல்லாமல் நடக்கிறாள், டாக்டருக்கே ஆச்சரியம். அவர் ஓய்வு பெற்று, கேனை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார். தினமும் மாலையில் அவள் தொட்டியில் இறங்குகிறாள், அவர் சற்றுத் தள்ளி நின்று கோட்டைப் பார்க்கிறார். கொஞ்ச நாளாக அவள் மூலையை விட்டுவிட்டு நடு இருக்கையில் உட்கார்ந்து, கடைசி இருக்கையைக் கையால் தட்டி, "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிடுகிறாள். அவர் இதுவரை இறங்கவில்லை.