அப்பாவின் கட்டைவிரல்

பண்டிகைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பள்ளியில் அன்று அகல் விளக்கு செய்யும் நாள். உதவிக்கு வீட்டிலிருந்து ஒருவர் வரலாம் என்று ஓவிய டீச்சர் சொல்லியிருந்தார்.

மிளகுக்கு உதவ அவள் அம்மா வருவதாகத்தான் பேச்சு. ஆள் சின்னது, வாய் காரம் என்பதால் வகுப்பில் அவளுக்கு மிளகு என்று பெயர். ஆனால் கடைசி நேரத்தில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி போட்டுவிட்டார்கள். வந்து நின்றது அப்பா.

அப்பா லாரி டயர் கழற்றி மாட்டுகிறவர். ஒவ்வொரு விரலும் வாழைப்பழம் கனம். குட்டி நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் முழங்கால் மோவாயை இடித்தது.

முதல் விளக்கின் விளிம்பை லேசாகத்தான் பிடித்தார். அது தட்டையாகிவிட்டது. அடுத்தது இரண்டாகப் பிய்ந்து வந்தது.

"அங்கிள், இதுல சோறு போட்டுச் சாப்பிடலாம்" என்றான் பக்கத்து மேசைப் பையன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நான் வெளியில நிக்கிறேன் கண்ணு. நீ செய்" என்றார் மெதுவாக.

அப்பா வெளியில் நின்றால் தேவலை என்றுதான் கொஞ்ச நேரம் முன்னால் மிளகும் நினைத்திருந்தாள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். களிமண் கெட்டியாக இருந்தது. யாருக்கும் குழி சரியாக விழவில்லை. கிண்டல் செய்த பையன் இரண்டு கையாலும் குத்திக் குடைந்துகொண்டிருந்தான். அவனுடைய மூன்றாவது விளக்கும் விரிந்துவிட்டது. அழுதுவிடுவான் போலிருந்தது.

மிளகு ஒரு உருண்டை உருட்டி அப்பா முன்னால் வைத்தாள்.

"போறதுக்கு முன்னாடி இதுல கட்டைவிரலை வச்சு ஒரே ஒரு அமுக்கு அமுக்குங்கப்பா."

"உடைஞ்சிடும்மா."

"உடைஞ்சா வேற உருட்டுறேன். மண்ணுக்கா பஞ்சம்?"

அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். விரலை எடுத்தபோது வழவழவென்று ஒரு குழி. கீறலே இல்லை. மிளகு ஒரு ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளி, திரி வைக்க மூக்கு இழுத்தாள். அசல் அகல் விளக்கு.

பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்தான். பிறகு தன் உருண்டையோடு வந்து நின்றான்.

"அங்கிள், எனக்கும் ஒரு அமுக்கு."

"அமுக்கிட்டா போச்சு" என்றார் அப்பா.

சற்று நேரத்தில் வரிசை கதவு வரை போய்விட்டது. அப்பா அமுக்க, பிள்ளைகள் மூக்கு இழுத்தார்கள். சீப்பால் அலைக்கோடு போட்டார்கள், மணி பதித்தார்கள். வரிசையின் கடைசியில் பார்த்தால், கையில் உருண்டையோடு ஓவிய டீச்சர்.

"டயர் கடையில கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்ல டீச்சர்" என்றார் அப்பா.

மணி அடித்ததும் எல்லோரும் கை கழுவ ஓடினார்கள். அப்பாவை மட்டும் மிளகு விடவில்லை. வீடு வரை அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அதில் களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது.

அம்மா வந்து பார்க்கும் வரை அதைக் கழுவக் கூடாதாம்.