ஆறு கிளி கவுன்

காலை 10.20. ஆழ்வார்பேட்டை ஷோரூம் மேசையில் இரண்டு கவுன்கள் கிடந்தன. ஒன்று, மதுமதியின் ஐந்தாவது கடைத் திறப்பில் இன்று மாலை முதன்முதலாகக் காட்டவிருந்த மூன்று லட்ச ரூபாய்ப் பட்டு. இன்னொன்று, தி.நகர் கடையொன்றில் நேற்றே பொம்மைக்கு மாட்டியிருந்த நாலாயிரம் ரூபாய் நகல்.

"டிசைன் காகிதம் வாஜித்கிட்ட மட்டும்தான் இருந்தது. அரெஸ்ட் பண்ணுங்க மேடம்" என்றாள் முதலாளி மதுமதி, எஸ்.ஐ. பொன்மணியிடம்.

எம்பிராய்டரி மாஸ்டர் வாஜித் மேசையோரமாக நின்றார். பதினாறு வருடம் இங்கே ஊசி பிடித்த மனிதர். ஜெயில் என்ற நினைப்பே அவரை உலுக்கிவிட்டது.

"என் கைவேலைய நானே இன்னாத்துக்கு விக்கப்போறேன்?"

"பாய் பாவம், விட்டுடு மது" என்றாள் மேனேஜர் ஜெயஸ்ரீ. தி.நகர் மாடியறையில் மதுமதியோடு சேர்ந்து தொழிலைத் தொடங்கிய தோழி அவள்.

பொன்மணி இரண்டு கவுனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அசலில் தங்கக் கிளிகள் ஏழு, இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்கின. நகலில் வலது தோளிலிருந்து ஆறே கிளிகள். நெஞ்சுக்கு நேரே ஒரு தாமரை. திருடியதுதான் திருடினான், இப்படியா கோணல்மாணலாகத் திருடுவான்?

"காகிதத்தைத் திருப்பிப் போட்டா பக்கம் மாறுமா பாய்?"

"மாறும் மேடம். ஆனா துணியில பொடி தேச்சுக் கோடு எடுக்க, அதுல ஏழு கிளிக்கும் ஊசியால ஓட்டை போட்டுக் கீது. ஒண்ணு எங்க பூடும்?"

11.05. கேஸ் கட்டுக்குப் போட்டோ வேண்டும். பொன்மணி அசல் கவுனோடு டிரையல் ரூமுக்குள் போனாள். மூன்று லட்ச ரூபாய்ச் சமாச்சாரத்தை இனி எங்கே தொடப்போகிறோம் என்று, தன்மேல் வைத்துக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு படம் எடுத்தாள். படத்தைப் பார்த்ததும் குழப்பம் பாதி தீர்ந்தது. வெளியே வந்தாள்.

"முதல்ல இதைப் போட்டுப் பாத்தது யாரு?"

"நான்தான். எந்த டிசைன்லயும் முதல் உருப்படிய நான் போட்டுப் பாப்பேன். அதுதான் எங்க ராசி" என்றாள் மதுமதி.

"கண்ணாடியில போட்டோ எடுத்தீங்களா?"

"ஆமா."

"கண்ணாடியில இடம் வலமாயிடும். நெஞ்சுக்கு நேரா பிடிச்ச போன் நடுக் கிளிய மறைச்சிடும். நகல் எடுத்தவன் அந்தக் காலி இடத்துல தாமரைய வெச்சு ஒப்பேத்திட்டான். காகிதம் வெச்சிருக்கிற பாய்க்குக் கிளி ஏன் குறையணும்? அந்தப் போட்டோவை யாருக்கு அனுப்புனீங்க?"

மதுமதி திரும்பி ஜெயஸ்ரீயைப் பார்த்தாள். ஜெயஸ்ரீக்குப் படம் அனுப்பி ஓகே வாங்காமல் மதுமதி ஒரு துணியைக்கூட வெளியே விட்டதில்லை.

"நான்தான் அந்தக் கடைக்கு அனுப்புனேன்" என்றாள் ஜெயஸ்ரீ. "அன்னிக்கி இருந்த ரெண்டு தையல் மிஷின்ல ஒண்ணு என்னுது. இன்னிக்கி அஞ்சு கடை. எந்த போர்டுலயாவது எம் பேர் இருக்கா மது?"

யாருக்காக வருத்தப்படுவது என்று பொன்மணிக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஜெயஸ்ரீயை ஜீப்பில் ஏற்றினாள்.

"மன்னிச்சிடுங்க பாய். ஆறு மணிக்கு விழாவுக்கு வந்துடுங்க" என்று மதுமதி அழுதாள்.

"பதினாறு வருசம் மேடம். என்னை ஒரு வார்த்தை கேக்காம நேரா போலீசைக் கூப்ட்டீங்களே" என்றார் வாஜித். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.