நறுமுகையின் உயிர்க்குடுவை

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வடிவுக்கரசி மகளுக்குத் தலைவாரி விடுவாள். நறுமுகைக்குச் சுருட்டை முடி. சிக்கில் சீப்பு மாட்டும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பாள்.

"மெதுவாம்மா!"

"ஆடாம உக்காரு. வலது பக்கம் எனக்குச் சரியாத் தெரியல."

வடிவுக்கரசி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தாள். அவள் விரல்கள் இரண்டு சின்ன நெம்புகோல்களைப் பிடித்திருந்தன. அந்தப் பக்கம், கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கைகள் அவள் விரல் அசைந்தபடியே அசைந்து சடையைப் பின்னின. ரிப்பனில் முடிச்சுப் போடுவதுதான் கஷ்டம். அதற்கே அவளுக்கு ஒரு வருஷப் பழக்கம் தேவைப்பட்டது.

திருச்சிக்கு வெளியே இருந்த அந்தக் காப்புக்கூடத்தில் வரிசை வரிசையாகக் கண்ணாடி அறைகள். அறைக்கு ஒரு குழந்தை. வெண்காய்ச்சல் ஊரையெல்லாம் உலுக்கிவிட்டுப் போன பிறகு பிறந்த குழந்தைகளின் உடம்பில் தடுப்பாற்றல் இல்லை. மற்றவர்களின் மூச்சிலும் தோலிலும் சாதாரணமாக இருக்கும் கிருமியே அவர்களுக்குப் போதும். பிரசவ அறையிலிருந்து நேராக இங்கே வந்தார்கள். பதினெட்டு வயதில் உடம்பு தேறும், வெளியே வரலாம் என்று மருத்துவர்கள் கணித்திருந்தார்கள். ஆனால் அந்த வயதை எட்டிய குழந்தை இதுவரை யாரும் இல்லை. நறுமுகை மூத்தவர்களில் ஒருத்தி. அவளுக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது.

"அப்பா, பொறந்தநாளுக்கு எனக்கு உயிரோட ஏதாவது வேணும்" என்றாள் அன்று. "திரையில வர்றது வேண்டாம். நெஜமா என் ரூம்லயே இருக்கணும்."

இளஞ்செழியன் முக்கொம்பில் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தான். உள்ளே காற்றுகூட வடிகட்டித்தான் போகும், அங்கே எந்த உயிரைக் கொண்டுபோவது என்று அவன் பல நாள் யோசித்தான். கடைசியில் ஒன்று தோன்றியது. உள்ளிருந்து எதுவும் வெளியே வராதபடி மூடிய ஒரு குடுவை. அதற்குள்ளேயே ஓர் உலகம். அதை உயிர்க்குடுவை என்று அவனே பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தான்.

வாய்க்காலில் இறங்கிக் கொசுவலைத் துணியால் அரித்துக் கூனி பிடித்தான். விரல் நகத்தளவு இறால்கள், உடம்பு தண்ணீர் போலவே தெளிந்திருக்கும். கூடவே சில நத்தைகள், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் தண்ணீர்ப் பூச்சிகள், ஒரு கைப்பிடி வேலம்பாசி என்ற நீர்ச்செடி. அகலவாய்க் கண்ணாடிக் குடுவையில் அடி வண்டலும் ஆற்றுமணலும் போட்டு, வாய்க்கால் தண்ணீரையே ஊற்றி மூடினான். முதல் குடுவை சீக்கிரமே பால் கலந்தது போல் வெளுத்தது. ஆசைப்பட்டுக் கூனியை அதிகம் விட்டுவிட்டான். திறந்தபோது வந்த நாற்றத்தில் வடிவுக்கரசி வாசலுக்கே ஓடினாள். இரண்டாவதை வெயிலில் வைத்தான். பாசி சுவரெல்லாம் படர்ந்து உள்ளே எதுவுமே தெரியவில்லை.

"அவ்வளவு பெரிய நெலையத்துல தண்ணிய சுத்தம் பண்றீங்க, ஒரு பாட்டில் தண்ணி உங்க பேச்சக் கேக்க மாட்டேங்குதே" என்று வடிவுக்கரசி சிரித்தாள்.

"அங்க எல்லாத்தையும் சாகடிச்சா போதும் வடிவு. இங்க எதுவும் சாகக்கூடாது."

மூன்றாவதில் கூனிகளைக் குறைத்தான். செடி விடும் பிராணவாயுவைக் கூனி மூச்சிழுக்க, கூனியின் கழிவைத் தின்று செடி வளர, சுவரில் படிந்த பாசியை நத்தை மேய, அந்த உலகம் தன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தது. மூடியைச் சுற்றிப் பிசின் ஊற்றி இறுக்கினான். காப்புக்கூடத்தின் ஆய்வகம் மாதக்கணக்கில் சோதித்தது. கண்ணாடி உடையாது, மூடி கசியாது, வெளிப்புறம் முழுக்கப் புறஊதா ஒளியில் சுத்தம் செய்யப்பட்டது என்று சான்று வந்த பிறகே இயந்திரக் கைகள் குடுவையை உள்ளே எடுத்துப்போயின.

நறுமுகை அதன் முன் மண்டியிட்டவள் வெகுநேரம் எழவேயில்லை. பக்கத்து அறைக் குழந்தைகள் தங்கள் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒவ்வொரு கூனிக்கும் அவள் பெயர் வைத்தாள். ஒரு நாள் முட்டைகளைச் சுமந்த கூனி குஞ்சு பொரித்தபோது கூடம் முழுக்க ஒலிப்பெட்டியில் கத்திச் சொன்னாள்.

"அப்பா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நடக்குதே, அதுங்களுக்கு எப்படி இருக்கும்?"

"எப்படின்னா?"

"தொட்டா எப்படி இருக்கும்னு கேக்குறேன். கண்ணாடியத் தொட்டா சில்லுனு இருக்கு. மெஷின் கை தொட்டா வழவழன்னு இருக்கு. உயிரோட இருக்கிறது தொட்டா?"

இளஞ்செழியன் தன் முன்கையில் விரல்களை ஓடவிட்டுப் பார்த்தான். "கூசும்மா" என்றான். "லேசா."

"கூசும்னா?"

வடிவுக்கரசி நெம்புகோலை எடுத்து, மகளின் கன்னத்தில் இயந்திர விரலை வைத்துப் பார்த்தாள். நறுமுகை பொறுமையாக அசையாமல் இருந்தாள்.

அதன் பிறகுதான் அவள் பிசினைச் சுரண்டத் தொடங்கியிருக்க வேண்டும். போர்வைக்குள் குடுவையை வைத்துக்கொண்டு கரண்டி விளிம்பால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியிருக்கிறாள். கூனிகளோடு தூங்குகிறாள் என்றே செவிலியர்கள் நினைத்தார்கள். ஒரு காலையில் அறையின் காற்றைச் சோதிக்கும் கருவி அலறியது. தலைமைச் செவிலி ரெஜினா ஓடிவந்து பார்த்தபோது குடுவை திறந்திருந்தது. மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு நறுமுகை உட்கார்ந்திருந்தாள்.

இயந்திரக் கைகள் குடுவையைப் பிடுங்கிப் பையில் அடைத்து எரியுலைக்குக் கொண்டுபோயின. "அதுங்கள ஏன் எரிக்கிறீங்க? நான்தானே தெறந்தேன்!" என்று அவள் கதறியது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது.

"நீங்கதானே செஞ்சு குடுத்தீங்க" என்று வடிவுக்கரசி கணவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "சாக்கடைத் தண்ணிய அள்ளிக்கிட்டு வந்து புள்ளைக்கிட்ட குடுத்தீங்களே!" அவன் விலகவில்லை, மறுக்கவும் இல்லை. சற்று நேரத்தில் அவள் அதே சட்டையில் முகம் புதைத்து அழுதாள்.

காய்ச்சல் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. ஒரு மதியம் டாக்டர் சுல்தானா இருவரையும் அழைத்தார். "ரத்தத்துல பரவிடுச்சு. எங்களால ஆனதெல்லாம் பண்ணிட்டோம்." "நீங்க உள்ள போகலாம்."

"உள்ளன்னா?" என்று கேட்டாள் வடிவுக்கரசி.

"இனிமே நீங்க தொடுறதால அவளுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லம்மா."

கதவு திறந்தது. பதினொரு வருடங்களாகக் கண்ணாடி வழியாகவே பார்த்த அறைக்கு ஒரு வாசனை இருந்தது. வடிவுக்கரசி கட்டிலில் உட்கார்ந்து மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். நறுமுகையின் உடம்பு விறைத்தது. தோள்கள் காதுவரை ஏறின. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நீட்டியபடியே வைத்திருந்தாள்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்ல. சூடா இருக்கீங்க." மூச்சு வாங்கியது. "அம்மான்னா இவ்ளோ சூடா இருக்கும்னு யாரும் சொல்லல."

இளஞ்செழியன் அவள் பாதங்களைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டான். "ஏம்மா தெறந்தே?" என்றான். கோபமில்லாமல் கேட்க வேண்டும் என்று நினைத்தான், முடிந்தது.

"அது என் விரல் மேல நடந்துச்சுப்பா" என்றாள் நறுமுகை. உலர்ந்த உதடுகள் விரிந்தன. "நீங்க சொன்னீங்கல்ல, கூசும்னு. கூசுச்சு."

மெல்ல மெல்ல அவள் தோள்கள் தாழ்ந்தன. தலை அம்மாவின் கழுத்தடியில் சாய்ந்தது. வடிவுக்கரசி அவளைக் கைக்குழந்தையை ஆட்டுவது போல ஆட்டினாள். அந்த வயதில் ஆட்டக் கிடைக்காததையெல்லாம் சேர்த்து ஆட்டுபவள் போல நிறுத்தாமல் ஆட்டினாள். பொழுது சாயும் வேளையில் நறுமுகையின் மூச்சு நின்றது. ஆட்டுவது நிற்கவில்லை. ரெஜினா வாசலில் நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இளஞ்செழியன் எதற்கோ தலையை நிமிர்த்தினான். இருபுறமும், அவற்றுக்கு அப்பாலும் இருந்த கண்ணாடி அறைகளில் குழந்தைகள் எல்லோரும் எழுந்து சுவரோரம் வந்து நின்றிருந்தார்கள். இறந்தவளை அவர்கள் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் எப்படிப் பிடித்துக்கொள்வது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் ஒரு சின்னப் பெண், வடிவுக்கரசியின் கைகளையே உற்றுப் பார்த்தபடி, தன் இரண்டு கைகளையும் தன்னையே சுற்றிக் கட்டினாள். சரியாக வரவில்லை போலும். பிரித்துவிட்டு, மறுபடி கட்டிப் பார்த்தாள்.